பெண் அழைப்புக்கு வாசித்தவர்

ஆம்பூர்ப் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், சொந்தக்காரர்களுக்குப் போன் போட்ட கையோடு அடுத்த போன் ஜெயப்பிரகாஷுக்குத்தான். ஐஸ் பெட்டிக்காரனுக்குச் சொல்வதுகூட அதற்கப்புறம்தான். ஜேபி வருகிறாராம் என்று தெரிந்துவிட்டால் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரிசுகளுக்கு ஒரு நிம்மதி. அவர் வேறு ஊரில் மாட்டிக்கொண்டிருந்தால் பிணத்தை எடுக்காமல் காத்திருந்த வீடுகளும் உண்டு. உயிரோடிருக்கும்போது ஒரு வாய் காப்பி கொடுக்காத மருமகள்கூட ஜேபி வாசிக்க ஆரம்பித்தால் மாரில் அடித்துக்கொண்டு அழுவாள். பொய் அழுகை இல்லை, நிஜமாகவே அழுவாள். அதுதான் ஆச்சரியம்.

அவர் வாசிப்பது யூஃபோனியம். பேண்டு செட்டில் குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஊதுவார்களே, வாய் மேலே பார்த்து இருக்குமே, அந்தப் பருத்த பித்தளைக் குழல். டிரம்பெட் மாதிரி காதைக் கிழிக்காது. சினிமா டூயட் வாசிக்கும்போது பெண் குரலை கிளாரினெட் எடுத்துக்கொள்ளும், ஆண் குரலை யூஃபோனியம் பாடும். கூட்டத்தில் பாதிப்பேருக்கு அதன் பெயரே தெரியாது. ஆனால் அது நின்றுபோனால் பாட்டிலிருந்து ஆம்பளை எழுந்து போய்விட்ட மாதிரி இருக்கும்.

இதை ஜேபி ஆசைப்பட்டு எடுத்தார் என்று நினைத்துவிட வேண்டாம். சின்ன வயதில் மிஷன் பள்ளி ஹாஸ்டலில் இருந்தபோது பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனவர் காய்ச்சலில் படுத்துத் தாமதமாகத் திரும்பினார். அதற்குள் பள்ளிக்கூட பேண்டுக்கு ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள். டிரம்பெட், கிளாரினெட், டிரம் என்று நல்லதெல்லாம் போய், யாரும் சீண்டாமல் கிடந்தது இந்தக் குண்டுக் குழல்தான். தூக்கினால் தோள் வலிக்கும், ஊதினால் கன்னம் வலிக்கும். அதன் நடு வால்வு வேறு சிக்கும். அழுத்தினால் உடனே இறங்காமல் யோசித்து யோசித்து இறங்கும். அதனால் சுரம் ஒரு இழை தாமதமாக, கீழேயிருந்து வழுக்கி ஏறி வந்து சேரும். எண்ணெய் விட்டுப் பார்த்தார்கள், மண்ணெண்ணெய் விட்டுப் பார்த்தார்கள், அது திருந்தவில்லை. வேறு வழியில்லாமல் ஜேபி அந்தத் தாமதத்தையே பழகிக்கொண்டார்.

படிப்பு பத்தாவதோடு நின்றது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, முகூர்த்த நாட்களில் மட்டும் பேண்டுக்குப் போய்வந்தார். பிறகு பெயர் வந்து வேலையை விட்டார். மீரட்டிலிருந்து சொந்தமாக ஒரு யூஃபோனியம் வரவழைத்தார். வெண்ணெய் மாதிரி வால்வு, தொட்டால் இறங்கும். ஆனால் விரலும் மூச்சும் பழைய சிக்கலை விடவில்லை. தாளம் விழுந்த பிறகு ஒரு கணம் தயங்கி, கீழேயிருந்து எடுத்து, மேலே கொண்டுபோய் வைத்து, வரி முடிகிற இடத்தில் சட்டென்று வெட்டாமல் மூச்சைச் சுருக்கிச் சுருக்கி விழுங்குவார். பேசிக்கொண்டிருக்கிற மனுஷன் நடுவில் தொண்டை அடைத்து நிறுத்திவிட்டால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும்.

சாவு வீட்டுக்கு அது வரம். கல்யாண வீட்டுக்கு? பேரணாம்பட்டில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குஷியான பாட்டுதான் வாசித்தார். பெண்ணின் அத்தை ஒருத்தி, புருஷனைப் பறிகொடுத்து வருஷம் திரும்பாதவள், நடுத்தெருவில் உட்கார்ந்து ஓலமிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் அழுதார்கள். அதற்குப் பிறகு கல்யாணத்துக்கென்று ஜேபியை யாரும் கூப்பிடவில்லை. அவரும் வாய்விட்டு வருத்தப்படவில்லை. ஒரே ஒரு கல்யாணத்துக்கு வாசித்தால் போதும் என்று மனசுக்குள் வைத்திருந்தார். மகள் தமிழினி கல்யாணம்.

தமிழினி சின்னப் பெண்ணாக இருந்தபோது பொம்மைக்குக் கல்யாணம் பண்ணுவாள், அப்பன் ஊத வேண்டும். ஊதாவிட்டால் தாலி கட்டவிடமாட்டாள். அவளுக்கு மட்டும் அந்த ஊதலில் அழுகை கேட்கவே இல்லை. என் கல்யாணத்துக்கும் நீதான் ஊதணும் என்று அப்போதே சொல்லி வைத்துவிட்டாள். அந்தப் பேச்சை ஜேபி பத்திரமாக வைத்துக்கொண்டார். பிள்ளைகள் சொல்லிவிட்டு மறந்துபோவார்கள், பெற்றவன் மறப்பானா?

வளர்ந்து ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் சேர்ந்தாள். அங்கேயே சூப்பர்வைசராக இருந்த கோபிக்கும் அவளுக்கும் பிடித்துப்போனது. பையனுக்கு ஊர் பள்ளிகொண்டா. அப்பா வேதாசலம், அம்மா சௌந்தரம். மரியாதையான குடும்பம். பெண் பார்க்க வந்தார்கள், பிடித்தது, வைகாசியில் முகூர்த்தம் குறித்தார்கள்.

அன்றிலிருந்து ஜேபிக்கு ஒரே வேலை. தன் வாசிப்பிலிருந்து அழுகையைப் பிடுங்கி எறிய வேண்டும். வீட்டுக்குள் உட்கார்ந்து துள்ளலான டூயட் ஒன்றை எடுத்தார். பல்லவி முடியவில்லை, எதிர்வீட்டு ரஃபத் ஜஹான் துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு ஓடிவந்துவிட்டாள். பின்னாலேயே பக்கத்துக் கடைக்காரர், கையில் ஒரு மாலை வேறு. யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். ஜேபியின் மனைவி அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டு, யாருக்கும் ஒன்றுமில்லை, கல்யாணப் பாட்டு பழகுகிறார் என்றாள். வாங்கிவந்த மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் கடைக்காரர் அதைச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டுப் போனார்.

சரி, வீடு வேண்டாம் என்று பாலாற்றுக்குப் போனார். தண்ணீர் இல்லாத ஆற்றில் யார் கேட்கப் போகிறார்கள்? பாலத்துமேல் போன பைக்குகள் நின்றன. ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான். ஜேபிக்குச் சிரிப்பு வந்தது. தாளத்துக்கு நேராக வைக்கவேண்டும் என்று புத்தி சொல்கிறது, மூச்சு கேட்கமாட்டேன் என்கிறது. இருந்தாலும் விடவில்லை. தினமும் போனார்.

நிச்சயதார்த்தத்தில் யாரோ வாய் சும்மா இல்லாமல் ஜேபி வாசிப்பைப் பற்றிப் புகழ்ந்துவிட்டார்கள். ஊர்வலத்துக்கு நானே வாசிக்கப்போகிறேன் என்று ஜேபியும் பெருமையாகச் சொன்னார். சிரித்துக்கொண்டிருந்த வேதாசலத்தின் முகம் மாறியதை அவர் கவனிக்கவில்லை.

சில நாள் கழித்து வேதாசலம் தனியாக வந்தார். அஞ்சலை கொடுத்த காப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு மூத்த மகன் ஒருவன் இருந்தான், வசந்த் என்று பெயர். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி லாரியில் அடிபட்டுப் போய்விட்டான். இது ஜேபி வீட்டுக்குத் தெரிந்ததுதான். தெரியாதது ஒன்றை வேதாசலம் அப்போது சொன்னார்.

"உங்க மேல ஒன்னுமில்ல சம்பந்தி. வசந்த்த எடுத்த அன்னிக்கு நீங்கதான் வாசிச்சீங்க. உங்க மூஞ்சி சௌந்தரத்துக்கு ஞாபகம் இல்ல, அந்தச் சத்தம் மட்டும் காதுல இருந்து இன்னும் எறங்கல. இருக்கறது ஒரே புள்ள. அவன் கல்யாணத்துல அது மறுபடி கேட்டா அவ தாங்க மாட்டா."

ஜேபிக்கு அந்தச் சாவு ஞாபகம் வந்தது. சொர்க்க ரதத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று தார் ரோட்டில் புரண்ட ஒரு தாய். அவள்தான் இந்தச் சௌந்தரம் என்று பெண் பார்க்க வந்தபோது தெரியவில்லை, பட்டுப்புடவையில் வேறு ஆளாக இருந்தாள். அன்றைக்குத்தான் தன் வாழ்நாளிலேயே நன்றாக வாசித்ததாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கூட வந்தவர்களிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தார். அதை நினைத்து இப்போது கூசிப்போனார்.

சமையலறைக் கதவோரம் தமிழினி நின்றிருந்தாள். ஜேபி ஒருமுறை அவளைப் பார்த்தார். எங்கப்பா வாசிக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று ஒரு நப்பாசை. அவள் தரையைப் பார்த்தாள். அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? நாளைக்கு அந்தத் தாயோடு ஒரே வீட்டில் இருக்கப் போகிறவள் அவள்தானே. ஆனாலும் அந்த ஒரு கணம் ஜேபிக்கு வலித்த வலி இருக்கிறதே, அதை அவர் அஞ்சலையிடம்கூடச் சொன்னதில்லை.

"வாசிக்கல சம்பந்தி" என்றார். "பொண்ணு வாழணும், அதான் முக்கியம்."

வேதாசலம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அஞ்சலை பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். அவங்க வீட்டு சாவுக்கு நீ வேணும், கல்யாணத்துக்கு வேணாமா என்று கேட்டாள். ஜேபி யூஃபோனியத்தைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தார். அதற்கப்புறம் ஆற்றுக்குப் போகவில்லை.

கல்யாணம் மாப்பிள்ளை ஊரில். முதல் நாள் சாயங்காலம் கோயிலிலிருந்து மண்டபம்வரை பெண் அழைப்பு. மாப்பிள்ளை வீட்டார் குடியாத்தத்திலிருந்து வாஹித் பாஷாவின் பேண்டு செட்டை அழைத்திருந்தார்கள். வாஹித்தும் ஜேபியும் பழைய தோஸ்த்துகள், ஒரு காலத்தில் ஒரே செட்டில் வாசித்தவர்கள். பேண்டுக்காரர்கள் டீ குடித்தார்களா என்று பெண் வீட்டுக்காரன் விசாரிக்க வேண்டியதுதான் முறை என்று சொல்லிக்கொண்டு ஜேபி அங்கே போனார். முறையாவது மண்ணாவது, கால் தன்னால் அங்கே போனது.

போனால் வாஹித் இடிந்துபோய் நிற்கிறார். அவருடைய யூஃபோனியக்காரன் ஜீவாவுக்கு உதடு வீங்கி வெடித்துவிட்டது. வரிசையாக முகூர்த்தம், ஓய்வே இல்லை. மவுத்பீஸை வைத்தாலே உயிர் போகிறது என்கிறான். நல்ல முகூர்த்த நாளில் வேறு ஆளுக்கு எங்கே போவது? மாப்பிள்ளை வீட்டார் டூயட்டாகக் கேட்டிருக்கிறார்கள்.

ஜேபி கொஞ்சநேரம் ஜீவாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கோட்டக் கொடு" என்றார்.

"பைத்தியமா ஜேபி? நீ நாலு சொரம் ஊதுனா போதும், நீதான்னு ஊருக்கே தெரிஞ்சுபூடும்."

"தெரியாது. நான் வாசிக்கிற மாதிரி வாசிக்க மாட்டேன்."

சமையல்கட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மச்சானிடம் சொல்லிவிட்டு, கோயில் பின்பக்கம் போய் வேட்டியை மடித்துக்கட்டி அதன்மேலேயே சிவப்புப் பேண்ட்டை மாட்டிக்கொண்டார். கோட்டு, ஜரிகை வைத்த தொப்பி. தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டார். குழலின் வாய் பாதி முகத்தை மறைத்துக்கொண்டது. பேண்டு முன்னால் போகும், கார் பின்னால் வரும். சிவப்புக் கோட்டு போட்டவனின் முகத்தை எந்தக் கல்யாணத்தில் யார் பார்த்திருக்கிறார்கள்?

ஆரம்பித்தார்கள். கிளாரினெட் அழைத்தது. ஜேபி தாளம் விழுகிற இடத்திலேயே பதில் வைத்தார். தயங்கவில்லை, கீழேயிருந்து ஏறவில்லை, வரி முடிந்ததும் கத்தரித்தார். ஆற்றில் அத்தனை நாள் முயன்று வராதது அன்றைக்கு வந்துவிட்டது. எப்படி வராமல் போகும்? கைக்கெட்டும் தூரத்தில் ஆரத்தித் தட்டோடு சௌந்தரம் நடந்துகொண்டிருந்தாள். தன் மூச்சு கொஞ்சம் பிசகினால் அந்தப் பெண்மணி நடுத்தெருவில் விழுவாள். மகள் வாழ்க்கை அங்கேயே சறுக்கும். அந்தப் பயம் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு வரியும் முடிகிற இடத்தில் தும்மலை அடக்குகிறவர்போல் தன் வாசிப்பை உள்ளேயே அடக்கினார். பள்ளிக்கூடப் பையன் ஒப்பிக்கிற மாதிரி வாசித்தார். மட்டமாக வாசித்தார். தெரிந்தே மட்டமாக வாசிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது நன்றாக வாசிக்கத் தெரிந்தவனுக்குத்தான் தெரியும். வியர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. எல்லாம் வியர்வை இல்லை.

சௌந்தரம் அழவில்லை. பாட்டுக்கு ஏற்றபடி லேசாகத் தலையாட்டினாள். நடுவில் ஒருமுறை சிரித்துக்கூட விட்டாள்.

சீர்த்தட்டு தூக்கி வந்த அஞ்சலை, பேண்டுக்காரர்களின் கால்களைத் தற்செயலாகப் பார்த்தாள். மற்றவர்கள் எல்லாம் தேய்ந்த செருப்பு. ஒருத்தர் காலில் மட்டும் பளபளவென்று புது ஷூ. தமிழினி கம்பெனி ஆஃபரில் அப்பாவுக்கென்று பார்த்துப் பார்த்து எடுத்த கறுப்பு ஷூ. அஞ்சலை கூச்சல் போடவில்லை. தட்டை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து, அவர் முகத்தைப் பார்க்காமலே நீட்டினாள். அவரும் அவளைப் பார்க்காமல் வாங்கிக் குடித்தார்.

மண்டப வாசலில் கார் நின்று, ஆரத்தி எடுத்து, பெண் இறங்கும் நேரத்தில் பேண்டுக்காரர்களை ஓரமாகப் போகச் சொல்லிவிட்டார்கள். ஜேபி பின்பக்கம் போய்க் கோட்டையும் பேண்ட்டையும் கழற்றி, குழாயில் முகம் கழுவி, சமையல்கட்டு வழியாக உள்ளே வந்தார். கோபிக்கும் தமிழினிக்கும் மறுநாள் கல்யாணம் நன்றாக நடந்தது. ஒரு குறையும் இல்லை.

ஆடி பிறந்ததும் மகளைச் சீர் வைத்து அழைத்துவந்தார்கள். வந்த மறுநாள் தமிழினி அப்பா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, யாரோ போனில் எடுத்திருந்த பெண் அழைப்பு வீடியோவைக் காட்டினாள். சின்னத் திரையில் சிவப்புக் கோட்டுகள் ஆடி ஆடி நடந்துவந்தன.

"கேளுப்பா, இந்த யூஃபோனியத்த. எவ்ளோ மட்டமா வாசிக்கிறான் பாரு" என்றாள். "கட்ட மாதிரி ஊதறான். உயிரே இல்ல."

"பாவம், அவனுக்கு அன்னிக்கு இன்னா கஷ்டமோ" என்றார் ஜேபி.

அவள் வீடியோவை நிறுத்தினாள். பிறகு அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "அன்னிக்கு மாமா வந்து கேட்டப்போ நான் வாயத் தொறந்திருக்கணும்பா. எங்கப்பா வாசிக்கட்டும்னு சொல்லியிருக்கணும். எனக்குத் தைரியம் வரல. என் கல்யாணத்துக்கு நீ வாசிக்கலன்றது எனக்கு சாவுற வரைக்கும் ஆறாது."

அடுப்படியிலிருந்து அஞ்சலை எட்டிப் பார்த்தாள். அவள் வாய் திறந்துவிட்டது. ஜேபி கண்ணாலேயே வேண்டாம் என்றார். சொன்னால் மகள் புருஷனிடம் சொல்வாள், அவன் தாயிடம் சொல்வான். எத்தனையோ வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் சிரித்த அந்தப் பொம்பளைக்கு, தான் எந்த வாய் ஊதியதைக் கேட்டுச் சிரித்தோம் என்று தெரிய வேண்டாம். அதோடு, அப்பன் வாசித்தான், ஆனால் அப்பனாக வாசிக்கவில்லை என்று மகளிடம் எப்படிச் சொல்வது? அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

"இன்னொரு தபா போடும்மா" என்றார் ஜேபி.

போட்டாள். அவர் பேண்டைப் பார்க்கவில்லை. பின்னால் வந்த காரைப் பார்த்தார். ஊர்வலம் முழுக்க முதுகைக் காட்டிக்கொண்டே நடந்தவர், மகள் காரில் வந்த கோலத்தை அன்றைக்குப் பார்க்கவேயில்லை. இப்போதுதான் பார்க்கிறார். நெற்றிச்சுட்டி, ஜடை முழுக்கப் பூ, மஞ்சள் பூசிய முகம். ஆனால் பெண் ஒழுங்காக உட்காரவில்லை. கார் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கழுத்தை நீட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டே வருகிறாள். பக்கத்தில் இருக்கிற தோழி இழுத்து உட்கார வைக்கிறாள், மறுபடியும் எட்டிப் பார்க்கிறாள்.

"யாரத் தேடுற?" என்று கேட்டார்.

"உன்னத்தான்பா. மண்டபம் வர்ற வரைக்கும் தேடிக்கினே வந்தேன். நீ ஒரு தபா கூட என் பக்கம் வரல."

ஜேபி போனை அவள் கையில் கொடுத்தார்.

"சமையல்கட்டுல வேல ஜாஸ்திம்மா" என்றார்.